முறிவு மருந்து

பேதிக்குக் கொடுக்கிற சித்த வைத்தியர், நாடி பார்த்து, வயதையும் உடல் வலுவையும் விசாரித்து, முதல் நாள் எண்ணெய் முழுக்குப் போடச் சொல்லி, மறுநாள் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மருந்தைக் கொடுக்கும்போது, அதை நிறுத்துவதற்குரிய முறிவையும் ஆயத்தமாக வைத்துக்கொண்ட பிறகுதான் கொடுப்பார். நேர்வாளம் போன்ற கடுமையான விதையானால், முறைப்படி சுத்தி செய்யாமல் அதைத் தொடமாட்டார். கர்ப்ப ஸ்திரீக்கும், பச்சைக் குழந்தைக்கும், நோயால் இளைத்துக் கிடப்பவருக்கும் கொடுக்கமாட்டார். அளவு மிஞ்சிவிட்டதென்று கண்டால் மோரும் எலுமிச்சம்பழச் சாறும் கஞ்சியும் கொடுத்துக் கட்டுவார். தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதியும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வமனமும் கொள்ளவேண்டும் என்று சொல்லுகிறது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை என்று விதித்தவர், மற்ற நாட்களில் அது கூடாது என்பதையும் சேர்த்தே விதித்திருக்கிறார் என்றுதான் நாம் கொள்ளவேண்டும்.

இந்தக் காரியத்துக்கு இங்கிலீஷ் பாஷையில் ‘பர்ஜ்’ என்று பெயர். பரிசுத்தம் செய்தல் என்னும் பொருளுள்ள லத்தீன் மூலத்திலிருந்து வந்த அந்த ஒரே வார்த்தையை வைத்தியர் வயிற்றைக் குறித்துச் சொல்லுகிறார். பாதிரியார் ஆத்மாவைக் குறித்துச் சொல்லுகிறார். நீதிபதி குற்றம் சுமந்தவரைக் குறித்துச் சொல்லுகிறார். சர்வாதிகாரி தன் கட்சிக்காரரைக் குறித்துச் சொல்லுகிறார். தேர்தல் அதிகாரி வாக்காளர் பட்டியலைக் குறித்தும், கம்ப்யூட்டர்க்காரர் பழைய கோப்புகளைக் குறித்தும் சொல்லுகிறார்கள். வேண்டாததை நீக்குவது என்பது இவ்வளவுக்கும் பொதுவான அர்த்தம். ஆனால் வேண்டாதது எது என்று தீர்மானிப்பவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், தவறாக நீக்கப்பட்டது திரும்பி வருவதற்கு வழி இருக்கிறதா என்ற கேள்விகளில்தான் ஓர் உபயோகத்துக்கும் மற்றோர் உபயோகத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அடங்கியிருக்கிறது. வைத்தியத்தில் பிறந்த இந்தச் செய்கை ராஜ்ய விவகாரத்துக்குப் போகும்போது மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு முறிவை விட்டுவிட்டுப் போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம். நம் தேசத்தில் இன்று வாக்காளர் பட்டியல்களில் நடக்கும் காரியத்தைப் பார்க்கையில், இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்கிறது என்றும் கருதுகிறேன்.

சமயத்திலும் சட்டத்திலும் இந்தச் சொல் நல்ல குடித்தனமாகவே இருந்துவந்திருக்கிறது. நம் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்று சொல்லும் இடத்துக்கு இங்கிலீஷில் இதே வேரிலிருந்து பிறந்த பெயர்தான். அங்கே போகும் ஆத்மா தண்டனைக்குப் போனாலும் தள்ளப்பட்டதல்ல, ஒரு காலத்தில் மோட்சம் சேரப்போவது என்பது அவர்களுடைய விசுவாசம். சட்டத்திலோ, கோர்ட்டை அவமதித்தவர் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டுத் தம்மைத் தாமே அந்தக் குற்றத்திலிருந்து நீக்கிக்கொள்வதை இந்த வார்த்தையால் குறிக்கிறார்கள். நம் நாட்டின் 1971ஆம் வருஷத்து நீதிமன்ற அவமதிப்புச் சட்டமும், மன்னிப்பு நீதிமன்றத்துக்குத் திருப்தியாக இருந்தால் தண்டனையை விட்டுவிடலாம் என்று இடம் கொடுக்கிறது. மத்திய கால இங்கிலாந்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக அக்கம்பக்கத்தார் கூடிநின்று, இவர் சொல்லை நாங்கள் நம்புகிறோம் என்று சத்தியம் செய்து அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் வழக்கமும் இந்தப் பெயராலேயே வழங்கிற்று. இங்கெல்லாம் நீக்கப்படுவது குற்றம்; மனிதர் மிஞ்சி நிற்கிறார்.

வைத்தியத்திலும்கூட, மருந்து யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம் மாறுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில், தமிழ்நாட்டு வீடுகளில் பள்ளிக்கூட லீவு நாளாகப் பார்த்துக் குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, சங்கில் அளந்து புகட்டிவிட்டு, பிற்பாடு கருப்பட்டிக் காப்பியும் மத்தியானம் சீரக ரசமும் குழையப் பிசைந்த சாதமும் கொடுத்து, அன்று முழுவதும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த பாட்டிமாரை நம்மில் அநேகர் கண்டிருக்கிறோம். அதே விளக்கெண்ணெயை 1920ஐ ஒட்டிய வருஷங்களில் இத்தாலியில் முசோலினியின் பாசிஸ்ட் தொண்டர் படையினர் எதிர்க்கட்சிக்காரர்களையும் தொழிற்சங்கக்காரர்களையும் பிடித்துக் கட்டிவைத்து, பலாத்காரமாக வாயில் ஊற்றி, அவர்களை ஊரார் முன்னிலையில் அவமானப்படுத்தினார்கள். உடலில் நீர் வற்றி ஆபத்தான நிலைக்குப் போனவர்களும் உண்டு. எண்ணெய் ஒன்றுதான், ஆமணக்கும் ஒன்றுதான். அளவும், கொடுத்தவரின் பொறுப்பும், பின்னால் வரும் ரச சாதமும் அங்கே இல்லை.

துஷ்டர்கள் கையில் மருந்து விஷமாவது ஆச்சரியமில்லை. நல்லவர் கையிலும் அது அப்படி ஆகக்கூடும் என்பதற்கு டாக்டர் பெஞ்சமின் ரஷ்ஷின் சரித்திரம் சாட்சியாக இருக்கிறது. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அவர்; அடிமை முறையை எதிர்த்து எழுதியவர்; மனநோயாளிகளைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துக் கருணையுடன் நடத்தவேண்டும் என்று போராடியவர். 1793ஆம் வருஷம், அப்போது அமெரிக்காவின் தலைநகரமாக இருந்த பிலடெல்பியாவில் மஞ்சள் ஜுரம் பரவி, ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 5,000 பேர் வரையில் மாண்டபோது, ஜனாதிபதி வாஷிங்டன் உள்பட வசதியுள்ளவர்கள் வெளியூர்களுக்குச் சென்றுவிட, ரஷ் நகரத்தை விட்டு நகராமல் தங்கி, வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை செய்தார். அவருடைய சிகிச்சையோ, ரசக் கலவையான காலமல் பத்துக் கிரெயின் எடையளவும், ஜாலப் என்ற மெக்ஸிகோ நாட்டுக் கிழங்கின் பொடி அதே அளவும் அதற்கு மேலும் சேர்த்துப் பேதிக்குக் கொடுத்து, கூடவே ரத்தத்தையும் குத்தி வெளியேற்றுவது. நோயாளி சோர்ந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொடு என்பார். பிழைத்தால் மருந்தின் மகிமை. இறந்தால் காலதாமதமாகக் கொடுத்த குறை. தாம் ஜுரத்தில் விழுந்தபோது அதே சிகிச்சையைத் தமக்கும் செய்துகொண்டு பிழைத்து எழுந்ததால், அவருடைய நம்பிக்கை மலைபோல் உறுதிப்பட்டுவிட்டது.

அதே நகரத்தில், நிதி மந்திரி அலெக்ஸாண்டர் ஹாமில்டனுக்கு ஜுரம் வந்தபோது, எட்வர்ட் ஸ்டீவன்ஸ் என்ற வைத்தியர் பேதியும் ரத்தக் குத்தலும் இல்லாமல், கொய்னாப் பட்டையும் திராட்சை ரசமும் குளிர்ந்த நீர் ஸ்நானமும் கொண்டு அவரைக் குணப்படுத்தினார். ஹாமில்டன் அதைப் பகிரங்கமாக எழுதியும், ரஷ் செவிசாய்க்கவில்லை. பின்னொரு சமயம் பத்திரிகாசிரியர் வில்லியம் காபெட் அவரைத் தாக்கி எழுத, ரஷ் மானநஷ்ட வழக்குத் தொடுத்து, 1799ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் 5,000 டாலர் தீர்ப்புப் பெற்றார். வழக்கில் ஜயித்தார், சிகிச்சை தவறு என்பதை அந்தத் தீர்ப்பு மாற்றவில்லை. மஞ்சள் ஜுரத்தைக் கொசு பரப்புகிறது என்று கார்லோஸ் பின்லே 1881ல் சொல்லி, 1900ல் வால்டர் ரீடின் குழு அதைப் பரிசோதனையால் ஸ்தாபித்தபோது, அந்தக் குடல்களில் நீக்கப்படவேண்டிய தீய பொருள் எதுவும் ஒருபோதும் இருந்ததில்லை என்பது தெளிவாயிற்று. ரஷ்ஷின் மாத்திரைகளை, அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் தங்கள் பிரயாணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் கூடாரம் அடித்த மொன்டானா மாகாணத்து இடமொன்றில், கழிப்பிடமாக வெட்டிய குழியின் மண்ணில் இருநூறு வருஷங்களுக்குப் பின்னரும் பாதரசம் தங்கியிருக்கக் கண்டிருக்கிறார்கள். மிஞ்சிப்போன மருந்து உடம்போடு போய்விடுவதில்லை.

ரஷ்ஷை நான் இவ்வளவு விஸ்தாரமாக எடுத்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவரிடம் தியாகம் இருந்தது, கருணை இருந்தது, கல்வி இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. தம் சிகிச்சை தவறாயிருக்கலாம் என்பதைக் காட்டித் தம்மை நிறுத்தக்கூடிய ஓர் ஏற்பாட்டை அவர் தமக்கு மேலோ தம் பக்கத்திலோ அனுமதிக்கவில்லை. இந்த ஒரு குறை வைத்தியரிடமிருந்து ராஜ்யத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் பின்வந்த சரித்திரம் காட்டுகிறது.

ராஜ்ய விவகாரத்தில் இந்த வார்த்தை நிலைத்ததற்கு இங்கிலாந்து பார்லிமெண்டின் வாயிற்படியே சாட்சி. 1648ஆம் வருஷம் டிசம்பர் 6ஆம் தேதி காலையில், காமன்ஸ் சபைக்கு ஏறும் படியில் கர்னல் தாமஸ் பிரைட் என்னும் ராணுவ அதிகாரி கையில் ஒரு பட்டியலுடன் நின்றார். பிரைடுக்கு அங்கத்தினர்களின் முகம் தெரியாது; ஆகையால், அவரவர் வரும்போது இவர் இன்னார் என்று அடையாளம் காட்டுவதற்காக கிரே பிரபு பக்கத்தில் நின்றுகொண்டார். மன்னர் சார்ல்ஸுடன் சமரசம் பேசலாம் என்று வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 45 பேர் பிடிபட்டார்கள். அதற்கும் பல மடங்கானவர்கள் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிடிபட்டவர்கள் அன்றிரவு பக்கத்திலிருந்த ‘நரகம்’ என்ற பெயருடைய போஜனசாலையில் அடைபட்டுக் கிடந்தார்கள். சபையில் எஞ்சியவர்கள் மன்னரை விசாரணைக்கு ஏற்பாடு செய்து, 1649 ஜனவரி 30ஆம் தேதி அவர் தலையை வாங்கினார்கள். ராணுவத்துக்கு ஒருமுறை கதவு திறந்தால் மறுமுறை தட்டவேண்டிய அவசியம் இல்லை. 1653ல் ராணுவத் தலைவர் கிராம்வெல் சிப்பாய்களுடன் வந்து எஞ்சிய சபையையும் கலைத்தார். ஆயினும், 1660 பிப்ரவரியில் ஜெனரல் மாங்க், பதினோரு வருஷங்களுக்கு முன் தடுக்கப்பட்டவர்களில் உயிரோடிருந்தவர்களைத் திரும்பவும் தங்கள் ஆசனங்களில் போய் உட்காரச் செய்தார். காலம் கடந்தாலும் அங்கே ஒரு முறிவு கிடைத்தது. அடுத்துச் சொல்லப்போகும் இடத்தில் அது கிடைக்கவில்லை.

ருஷியாவில் கம்யூனிஸ்ட் கட்சி, கட்சியைச் சுத்தப்படுத்துவதை ஒரு முறையான நிர்வாகக் காரியமாகவே ஆரம்பித்தது. 1921ஆம் வருஷத்துச் சுத்திகரிப்பில் அங்கத்தினர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் நீங்கினார்கள். பதவிக்காக ஒட்டிக்கொண்டவர்கள், குடிகாரர்கள், லஞ்சம் வாங்கியவர்கள் இவர்களை நீக்குவதே நோக்கம் என்றார்கள். அக்காலத்துக் கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வது கஷ்டமில்லை: ஆலையிலோ ஆபீஸிலோ எல்லோரும் கூடியிருக்க, மேடையில் விசாரணைக் குழுவினர் உட்கார்ந்திருக்க, அங்கத்தினர் தம் கட்சி அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தம் வாழ்க்கையைச் சொல்லவேண்டும், கூடியிருப்பவர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். நீக்கினால் மேல்முறையீடு உண்டு. அவமானம் உண்டு, வேலை போவதும் உண்டு. ஆனால் நீக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய் உறங்கலாம். காரணம் கேட்கவும் பதில் சொல்லவும் ஓர் இடமிருந்தது. பத்துப் பதினைந்து வருஷங்களில் அந்த இடம் படிப்படியாகச் சுருங்கி, பேர் மட்டும் அப்படியே நிற்க, காரியம் வேறாக மாறிற்று. இதுதான் எனக்கு மிகவும் பயங்கரமாகத் தோன்றுகிறது. கொலைக்குக் கொலை என்றே பெயர் வைத்திருந்தால் தயங்கியிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள், சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு காகிதம் எழுதினார்கள்.

1937ஆம் வருஷம் ஜூலை 30ஆம் தேதி, ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ் பிறப்பித்த 00447ஆம் எண் உத்தரவு, ஒவ்வொரு பிரதேசத்துக்கும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை வகுத்துக் கொடுத்தது. முதல் வகுப்பார் சுடப்படவேண்டியவர்கள். இரண்டாம் வகுப்பார் எட்டு முதல் பத்து வருஷம் முகாம்களுக்கு அனுப்பப்படவேண்டியவர்கள். மாஸ்கோ பிரதேசத்துக்கு மட்டும் முதல் வகுப்பில் 5,000, இரண்டாம் வகுப்பில் 30,000. மூவர் குழு ஒன்று, குற்றம் சாட்டப்பட்டவரை முன்னிலையில் வைத்துக்கொள்ளாமலே, காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். வரம்பு என்று வகுத்துக் கொடுத்த எண்ணிக்கை போதவில்லை என்று பிரதேச அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதி அதிகம் கேட்டு வாங்கினார்கள். பிலடெல்பியாவில் நோயாளி சோர்ந்தபோது மருந்தை ஏற்றிய அதே தர்க்கம். 1937, 1938 ஆகிய இரண்டு வருஷங்களில் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர் என்று அந்த அரசாங்கத்தின் சொந்தத் தஸ்தாவேஜுகளே சொல்லுகின்றன. 1934ல் கூடிய கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் 1,966 பேரில் 1,108 பேர் கைதானதை 1956ல் அப்போதைய கட்சித் தலைவர் குருஷேவ் தம் ரகசியச் சொற்பொழிவில் எடுத்துரைத்தார். கடைசியில், உத்தரவில் கையெழுத்திட்ட யெஷோவும் 1940 பிப்ரவரியில் சுடப்பட்டார். ஸ்டாலினுக்குப் பக்கத்தில் கால்வாய்க் கரையில் அவர் நின்ற படத்தில், அவர் நின்ற இடத்தைத் தண்ணீராக மாற்றிப் பதிப்பித்தார்கள்.

இந்தக் கணக்கில் நம் தேசத்து மனிதர் ஒருவரும் சேர்ந்திருக்கிறார் என்பதை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. சரோஜினி நாயுடுவின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயா, முதல் உலக யுத்த காலத்தில் பெர்லினில் இருந்து இந்திய விடுதலைக்காக உழைத்தவர்; பின்னர் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தின் காரியதரிசிகளில் ஒருவராக இருந்து, ஜவஹர்லால் நேருவின் சிநேகத்தையும் மரியாதையையும் பெற்றவர். பல பாஷைகளில் வல்லவர். ஹிட்லரின் எழுச்சிக்கு முன்னதாகவே ஜெர்மனியை விட்டு ருஷியாவுக்குச் சென்று, லெனின்கிராடில் மானிடவியல் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் பணி செய்துகொண்டிருந்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ஒற்றர்கள் கால் நூற்றாண்டு துரத்தியும் பிடிக்க முடியாத அவரை, 1937 ஜூலையில் அவர் அடைக்கலம் புகுந்த தேசத்தின் போலீஸ் கைது செய்து, செப்டம்பர் 2ஆம் தேதி சுட்டுக் கொன்றது. அவர் முடிவைப் பற்றிய திட்டமான செய்தி அவருடைய சுற்றத்தாருக்கு நெடுங்காலம் எட்டவில்லை. ஸ்டாலின் காலத்துக்குப் பின், இவ்விதம் மாண்ட பல்லாயிரம் பேருக்குக் குற்றம் இல்லை என்று சான்று வழங்கினார்கள். விதவைகளும் பிள்ளைகளும் அந்தக் காகிதத்தைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வாக்காளர் பட்டியலில் ஒரு பெயரை அடிப்பதையும் இவ்வளவு கோரமான காரியத்தையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். உயிரைப் பறிப்பது வேறு, வாக்கைப் பறிப்பது வேறு. பட்டியல்களைத் திருத்தவேண்டியதும் அவசியமே. இறந்தவர் பெயர் நீங்கவேண்டும். ஊர் மாறியவர் பெயர் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். இரட்டைப் பதிவு கூடாது. அதைச் செய்யாத பட்டியல் கள்ள வாக்குக்கு வழிவிடும். ஆனால் நீக்குகிறவர் காரணம் காட்டவேண்டும், நீக்கப்படுகிறவர் பதில் சொல்ல இடம் வேண்டும், தவறென்று கண்டால் உடனே திரும்பச் சேர்க்க வழி வேண்டும் என்ற மூன்று நியதியும் சிறிய காரியத்துக்கும் பெரிய காரியத்துக்கும் ஒன்றே.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலிலேயே இந்தப் பிரச்சனை எழுந்துவிட்டது. 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட பட்டியலைத் தயாரிக்கும் அபூர்வமான சாதனையை நடத்திக் காட்டியவர் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனரான சுகுமார் சென். வட இந்தியாவில் பட்டியல் எடுக்கும் குமாஸ்தாக்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டபோது, பெண்கள் தங்கள் பெயரை அந்நியரிடம் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய், இன்னாருடைய மகள் என்றே ஆண்கள் எழுதவைத்தார்கள். நம் பக்கத்தில் கணவன் பெயரைச் சொல்லத் தயங்கிய தலைமுறை ஒன்று இருந்ததை நாம் அறிவோம். அங்கேயோ தன் பெயரையே சொல்லத் தயங்கினார்கள். சுகுமார் சென் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பிரஜை என்பவள் தன் சொந்தப் பெயரால்தான் பிரஜை. பெயர் சொல்லாதவர்களைப் பட்டியலில் வைக்க முடியாது என்று உத்தரவிட்டார். பீகாரில் பெயரைக் கொடுத்துத் திருத்திக்கொள்ள ஒரு மாத அவகாசமும் கொடுக்கப்பட்டது. முடிவில், தேசத்திலிருந்த சுமார் எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில், ஏறக்குறைய 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

சென்னின் நோக்கத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஒரு பெண்ணுக்குச் சொந்தப் பெயர் உண்டு என்பதை அரசாங்கக் காகிதத்தில் வற்புறுத்திய அந்த ஓர் உத்தரவு, எத்தனையோ சீர்திருத்தச் சொற்பொழிவுகளைக் காட்டிலும் ஆழமாகச் சென்றது. அடுத்த தேர்தலில் இந்தக் குறை பெருமளவு நீங்கியதும் உண்மை. ஆயினும், பெயரைக் கேட்டு எழுதவேண்டிய கடமை யாருடையது? குமாஸ்தாவினுடையது. பெயரைச் சொல்லவிடாமல் குறுக்கே நின்றது யார்? வீட்டு ஆண்மக்களும் ஊர் வழக்கமும். தண்டனை யாருக்குக் கிடைத்தது? கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு. தன் பெயர் பட்டியலில் ஏறியதையும் அவள் அறியாள், அடிக்கப்பட்டதையும் அறியாள். குடியரசின் முதல் வாக்கை 28 லட்சம் பெண்கள் இவ்விதம் இழந்ததை ஒரு புள்ளிவிவரமாக மட்டும் கொண்டு மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் ஊழியர்களைக் கொல்லைப்புறம் வரையில் அனுப்பிக் கேட்கச் செய்திருந்தால், அதே நல்ல நோக்கம் இத்தனை பேரைப் பலி கொள்ளாமல் நிறைவேறியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

அமெரிக்காவிலும் இதே வினை உண்டு. புளோரிடா மாநிலத்தில் 2000ஆம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பு, தண்டனை பெற்றவர்களை நீக்குவதற்காகத் தனியார் கம்பெனி ஒன்று தயாரித்த ஜாபிதாவில், பெயர் ஏறக்குறைய ஒத்திருந்ததற்காகவே குற்றமற்ற பலரும் சேர்ந்துவிட்டார்கள். அந்த மாநிலத்தில் வெற்றியைத் தீர்மானித்த வித்தியாசம் 537 வாக்குகள்.

நம் உச்ச நீதிமன்றம் 1995லேயே லால் பாபு உசேன் வழக்கில் இது பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பம்பாயிலும் டெல்லியிலும் சில பகுதி மக்களை ஒட்டுமொத்தமாகச் சந்தேகித்து, நீங்கள் இந்தியப் பிரஜைகள் என்று நிரூபியுங்கள் என்று அதிகாரிகள் கேட்டபோது, முன்பே பட்டியலில் இடம் பெற்ற பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு, நோட்டீஸும் விசாரணையும் இல்லாமல் அதை நீக்கக் கூடாது, அதிகாரி ஒவ்வொருவர் விஷயத்திலும் தம் புத்தியைச் செலுத்தவேண்டும் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அப்படியிருந்தும், 2025ல் பீகாரில் நடந்த தீவிர சிறப்புத் திருத்தத்தின்போது, ஆகஸ்டு 1ஆம் தேதி வெளிவந்த வரைவுப் பட்டியலில் முன்பிருந்த சுமார் 65 லட்சம் பெயர்கள் காணப்படவில்லை. யார் யார், என்ன காரணத்துக்காக என்பதைத் தெரிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 14ஆம் தேதி உத்தரவிட்ட பிறகுதான் வாக்குச்சாவடி வாரியாகக் காரணத்துடன் பெயர்கள் வெளியாயின. இறந்தவர்களும் இடம் பெயர்ந்தவர்களும் அதில் பெருந்தொகையாக இருக்கலாம், இருக்கட்டும். காரணத்தைச் சொல்லுவதற்கு நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டியிருந்தது என்பதே என் குறை. மின்னஞ்சலில் நாம் தூக்கியெறிந்த கடிதத்தைக்கூட, அந்த இயந்திரம் முப்பது நாள் குப்பைத் தொட்டியில் பத்திரமாக வைத்திருந்து, அதன் பிறகே ஒழிக்கிறது.

ஆகவே, எந்த மாநிலத்தில் திருத்தம் நடந்தாலும், சில காரியங்கள் கேட்காமலே நடக்கவேண்டும். நீக்கப்படும் ஒவ்வொரு பெயரும், காரணத்துடனும், அதைப் பரிந்துரைத்த வாக்குச்சாவடி நிலை அலுவலரின் பெயருடனும், பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் நகரமானால் வார்டு ஆபீஸ் வாசலிலும் ஒட்டப்படவேண்டும். கம்ப்யூட்டரில் போட்டுவிட்டோம் என்பது நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அறிவிப்பு ஆகாது. கதவு பூட்டியிருந்தது என்பதற்காக ஆள் இல்லை என்று எழுதுவதற்கு முன், திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன குடும்பம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திரும்பி வருகிறதா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கவேண்டும். படிவம் 7ஐக் கொடுத்து இன்னொருவர் பெயரை நீக்கச் சொல்லுகிறவர் யார் என்பதையும் நீக்கப்படுகிறவருக்குத் தெரிவிக்கவேண்டும். தவறாக நீக்கப்பட்டவரை, பதினெட்டு வயது நிரம்பிய புது வாக்காளரைப் போலப் படிவம் 6 எழுதி, சான்றுகளைத் தேடி அலையவைக்காமல், அதிகாரியே தம் தவறைத் தம் கையாலே திருத்திக்கொள்ள விதி செய்யவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேட்புமனுவுக்குரிய கடைசி நேரம் கடந்துவிட்டால் எந்தப் பெயரையும் பட்டியலில் சேர்க்க இப்போதுள்ள சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகையால், வாக்குப்பதிவன்று சாவடியில் போய் நின்று தம் பெயர் இல்லையென்று அறிகிறவருக்கு அன்று பரிகாரம் எதுவும் கிடையாது. தேர்தல் அறிவிப்புக்கு மூன்று மாதத்துக்கு முன்பாகவே நீக்குவதை முற்றிலும் நிறுத்திவிட்டு, அந்த மூன்று மாதத்தையும் விட்டுப்போனவர்களைத் தேடிச் சேர்ப்பதற்கு மட்டுமே ஒதுக்கும்படி சட்டத்தைத் திருத்துவதற்கு, தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கும் பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் முன்வரவேண்டும்.